அலமாரிக்குள் வந்த வெள்ளம்

வேட் கார்மடி அந்தச் சுவர் அலமாரியின் கதவைத் திறந்தபோது மணி ஒன்பதே முக்கால். பத்து அடிப்பதற்குள் வீட்டின் விலையில் பாதி ஆற்றோடு போய்விட்டது.

“அடடா, இது என்ன இது?” என்றான் வேட். தனக்குத் தானே பேசிக்கொள்கிற மாதிரிதான் சொன்னான். ஆனால் வீட்டைப் பார்க்க வந்து கூடத்தில் நின்ற பதினைந்து பேருக்கும் கேட்டது.

பதினைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். அலமாரியின் பின்சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு கறைக்கோடு ஓடியது. அதற்கு மேலே தச்சர் பென்சிலில் எழுதியிருந்தது: ‘வெள்ளம், 2011 ஜனவரி’.

ஆஸ்திரேலியாவின் இப்ஸ்விச் ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த ஜனவரியில் ப்ரெமர் ஆறு ஊருக்குள் புகுந்து எந்த வீட்டில் எதுவரை ஏறியதோ, அங்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தார்கள். சிலர் கோட்டைச் சுற்றிச் சட்டம் அடித்து வைத்துப் பெருமையாகக் காட்டுவார்கள். வீட்டை விற்கப் போகிறவர்கள் மட்டும் அதன் முன்னால் பீரோவை நகர்த்தி வைப்பார்கள்.

“நல்ல வீடுதான். என்ன பண்றது, தண்ணி உள்ள வந்துட்டா மரம் தாங்காது,” என்று சொல்லிவிட்டு வேட் தன் ஐஸ் காபி டப்பாவை உறிஞ்சினான். நாற்பத்தைந்து வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, இடது கையில் பட்டையான மோதிரம், துக்கம் விசாரிக்க வந்தவனின் குரல். பழுதான வீடுகளைக் கைக்காசு கொடுத்து வாங்கி, மேலே பூசி மினுக்கி, நாலே மாதத்தில் விற்பது அவன் தொழில். ஊரில் பாதி மின்கம்பங்களில் அவன் அறிவிப்புதான் தொங்கியது. ‘உங்கள் வீடு எப்படி இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.’

கைக்குழந்தையோடு வந்திருந்த இளம் தம்பதி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு படியிறங்கிக் காருக்குப் போனார்கள். அவர்கள் பின்னாலேயே மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

வராந்தாவில் ரொட்டிக்குள் சாசேஜை வைத்துத் தின்றுகொண்டிருந்த டூகல் இதையெல்லாம் பார்த்தான். ரோவீனா பைக் என்ற துப்பறிவாளரிடம் அவன் உதவியாளன். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் வீடுகளுக்குக் கரையான் மருந்து அடித்தவன். வாடிக்கையாளர்களிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததால் அந்த வேலை போயிற்று. இந்த வேலையும் அதனாலேயே போகும் என்று ரோவீனா மாதம் ஒரு தடவை ஞாபகப்படுத்துவாள்.

“பாஸ், கவனிச்சீங்களா? கோட்டைக் கண்டுபிடிச்சவரு கோட்டைத் தேடவே இல்ல. கதவைத் திறந்தாரு, நேரா கீழ பாத்தாரு,” என்றான் டூகல்.

“கவனிச்சேன். நீ வாயைத் துடை,” என்றாள் ரோவீனா.

ஐம்பது வயது ரோவீனா குள்ளம். கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி எப்போதும் நெஞ்சில் தொங்கும். இருபது வருஷம் வீடுகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் எழுதியவள். மனிதர்கள் பொய் சொல்வார்கள், வீடுகளுக்குச் சொல்லத் தெரியாது என்பது அவள் கட்சி.

இந்த வீடோ ஒன்றையும் மறைக்கிற நிலையில் இல்லை. க்வீன்ஸ்லாந்தின் பழைய மரவீடுகளைப் போலவே உயரமான தூண்கள் மேல் நின்றது. சுவரில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. கூரை ஓரத் தகரம் ஒரு பக்கம் பிய்ந்து தொங்க, அதில் ஒரு செடி முளைத்து நன்றாகவே வளர்ந்திருந்தது. வாசல் பலகையில் எழுதியிருந்தது: ‘ஏலம், காலை பதினொரு மணி. வீடு இருக்கும் நிலையிலேயே விற்பனை. பழுது எதுவும் பார்த்துத் தரப்பட மாட்டாது.’

வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்காரி கிளெனிஸ் ஹார்ட்விக் தொழிலால் பெயிண்டர். ஊரார் வீட்டையெல்லாம் பளபளப்பாக்குகிறவள் தன் வீட்டை மட்டும் ஏன் இப்படி விட்டாள் என்று டூகல் வியாழக்கிழமையே கேட்டான். அன்றுதான் அவள் இவர்களை வேலைக்கு அமர்த்தினாள். “சனிக்கிழமை ஏலத்துக்குள்ள என் வீட்டுக்கு யாரோ ஏதோ பண்ணப் போறாங்க. என்னன்னு கண்டுபிடிச்சு, சத்தமா எடுத்துச் சொல்ற ஆள் எனக்கு வேணும்,” என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அவள் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தாள். நகக்கண்ணில் பச்சை பெயிண்ட். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

“கோட்டைப் பாத்துட்டீங்களா?” என்றாள்.

“பாத்தோம். உங்களுக்கு ஆச்சரியமா இல்லையா?” என்றாள் ரோவீனா.

“அஞ்சு வருஷம் முன்னாடி எங்கப்பா வீட்டுலயும் இதே மாதிரி அலமாரி, இதே மாதிரி கோடு. அப்பாவுக்கு உடம்பு முடியல, வீட்டை வித்துட்டு என்கிட்ட வர்றதா இருந்தாரு. வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் வாங்கின வீடு அது. வித்தவன் தன்னை ஏமாத்திட்டான்னு நெனச்சாரு. ‘கொழந்தை குட்டி இருக்கறவங்களுக்கு இதை எப்படிம்மா விப்பேன், தெரிஞ்சே எப்படி விப்பேன்’னு ராத்திரி பூரா பொலம்பினாரு. மறுநாள் வேட் வந்தான். பாதி விலைகூட இல்ல. இருக்கற நிலையிலயே எடுத்துக்கறேன், சந்தோஷப்படுங்கன்னு சொன்னான்.”

“அப்பா?”

“அவன் ரெண்டு கையையும் பிடிச்சு நன்றி சொன்னாரு.” கிளெனிஸ் நகத்திலிருந்த பச்சையைச் சுரண்டினாள். “அந்த வீட்டுக்குள்ள தண்ணி வந்ததே இல்லன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னப்ப அப்பா செத்து ரெண்டு மாசம். ஓடிப்போய்ப் பாத்தேன். அலமாரியையே பேத்து எடுத்து அடுப்புல போட்டிருந்தான். என்கிட்ட ஒரு துரும்பு சாட்சி கிடையாது. இன்னைக்கு இந்த வீடும் அவன் கைக்குப் போச்சுன்னா அப்பாவை நான் ரெண்டாந்தடவை குழியில இறக்கின மாதிரி.”

“மணி பத்து அஞ்சு,” என்றாள் ரோவீனா. “டூகல், வா.”

அலமாரி முன்னால் அவள் மண்டியிட்டாள். அவ்வளவு கீழே உள்ள கோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் தலையை உள்ளே நீட்டித்தான் ஆக வேண்டும், தலையை நீட்டினால் எங்கேயாவது கையை ஊன்றித்தான் ஆக வேண்டும். ரோவீனா இடது கையைப் பக்கவாட்டுப் பலகையில் ஊன்றினாள். ஊன்றிய கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள், புருவத்தைச் சுளித்தாள், பிறகு அதை மறந்துவிட்டாள்.

“இங்க பாரு. உன் பழைய வாடிக்கையாளர்கள்,” என்றாள்.

டூகல் குனிந்தான். பழுப்புக் கோட்டின் மேல் சின்னக் கறுப்பு எறும்புகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. கோட்டை விட்டு ஓர் எறும்புகூட விலகவில்லை.

“பத்து வருஷத்துக்கு முந்தின ஆத்துச் சேத்தை இதுங்க இன்னுமா நக்கிட்டிருக்கு?” டூகல் கோட்டில் விரலைத் தேய்த்து மோந்து பார்த்தான். “பால், சக்கரை, காபி. அந்த வருஷம் ப்ரெமர்ல ஐஸ் காபிதான் ஓடிச்சு போல. எனக்கு யாரும் சொல்லவே இல்ல.”

“வேட் கையில என்ன டப்பா?”

“அதேதான் பாஸ். பிடிச்சிட்டோம்.”

“ஒண்ணும் பிடிக்கல. ஊர்ல பாதிப் பேர் அந்த டப்பாவைத்தான் உறிஞ்சறாங்க. கேட்டா, பழைய கோட்டு மேல யாரோ காபியைக் கொட்டிட்டாங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவான். கோடு புதுசுன்னு சொன்னாப் பத்தாது. இங்க ஒரு கோடு இருந்திருக்கவே முடியாதுன்னு காட்டணும்.”

“ஆத்தைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்லலாம்.”

ரோவீனா எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றியவள் அப்படியே நின்றாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். கூடத்தின் தரைப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நண்டு மாதிரி நகர்ந்தாள்.

“டூகல், எந்தத் தச்சனாவது தரை போடும்போது எல்லாப் பலகையையும் ஒரே இடத்துல முடிப்பானா?”

“குடிச்சிருந்தா முடிப்பான்.”

“குடிச்சிருந்தா கோடு நேரா இருக்காதுடா.”

டூகலும் பார்த்தான். பலகைகளை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றித்தான் எவனும் இணைப்பான். இங்கேயோ கூடத்தின் நட்டநடுவே அத்தனை பலகையும் ஒரே நேர்கோட்டில் முடிந்து, மறுபுறம் மறுபடி தொடங்கின. அண்ணாந்து பார்த்தான். கூரைப் பலகையிலும் அதே இடத்தில், இணைப்பை மறைக்க ஒரு பட்டையான மரச்சட்டம் அடித்திருந்தது. வீட்டை மேலிருந்து கீழ்வரை யாரோ ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள்.

“வீட்டை ரெண்டா வெட்டியிருக்காங்க,” என்றான் மெதுவாக. இந்தப் பக்கத்தில் மரவீடுகளை வெட்டி லாரியில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கி ஒட்டுவது அவனுக்குத் தெரியாததல்ல. “பாஸ், இந்த வீடு இங்க பொறந்ததே இல்ல. வாழ்க்கைப்பட்டு வந்திருக்கு.”

“எப்ப வந்ததுங்கறதுதான் கேள்வி,” என்றாள் ரோவீனா. அவள் ஏற்கெனவே வாசல்படியில் இருந்தாள்.

எதிர்வீட்டில் எழுபத்தெட்டு வயது நெவில் ஷுல்ட்ஸ் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் வெள்ளத்துக்குப் பிறகும் போகாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். அவர் வாசலில் முக்கால் அங்குல இரும்புத் தகட்டில் செய்து, இடுப்பளவு கான்கிரீட்டில் புதைத்த ஒரு தபால் பெட்டி இருந்தது.

“இது தபால் பெட்டியா, இல்ல பாங்க் லாக்கரா?” என்று கேட்டான் டூகல்.

கேட்டிருக்கவே கூடாது. கிழவர் குழாயைக் கீழே போட்டார்.

“அதை ஏன் கேக்கற. முன்னாடி மரத்துல அழகா ஒண்ணு வெச்சிருந்தேன், நானே செதுக்கினது, கூரையெல்லாம் போட்டு. அதோ அந்த வீட்டை லாரியில ஏத்திட்டு வந்தான் பாரு ஒரு பய, அவன் திருப்பத் தெரியாம திருப்பி, அரை வீட்டோட என் பெட்டி மேல ஏறிட்டான். இறங்கி வந்து ஒரு மன்னிப்பு கேட்டானா? கையை ஆட்டிட்டுப் போறான். இன்னொரு தடவை எவனாவது ஏறட்டும். லாரி போயிடும், பெட்டி நிக்கும்.”

“அது எந்த வருஷம் மிஸ்டர் ஷுல்ட்ஸ்?” ரோவீனாவின் குரலில் தேன் வடிந்தது.

“உள்ள வா, காட்டறேன்.”

படம் குளிர்பெட்டியின் கதவில் இருந்தது. நெவில் ஷுல்ட்ஸ் முறைத்துக்கொண்டு நிற்கிறார். காலடியில் நொறுங்கிய தபால் பெட்டி. பின்னால் லாரியின் மேல் பாதி வீடு, குறுக்கே வெட்டிய கேக்கைப் போல உள்ளே கூடமும் ஒரு சுவர் அலமாரியும் தெரிய நிற்கிறது. கிழவர் கையில் அன்றைய செய்தித்தாளைத் தேதி தெரியும்படி விரித்துப் பிடித்திருந்தார்.

“தேதியில தகராறு வரக்கூடாதுன்னு பேப்பரைப் பிடிச்சேன். லாரிக் கம்பெனிக்கு நாப்பது கடுதாசி போட்டாச்சு,” என்றார்.

2014, மார்ச். டூகல் அதை இரண்டு தடவை படித்தான். வெள்ளம் வந்து மூன்று வருஷம் கழித்து வந்த வீடு.

“அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?”

“வெறும் புல்லு. என் குதிரை மேஞ்சுது. வீடு மலை மேல ஆப்பிள் தோட்டத்துல இருந்துது. ஆறு அங்க ஏறணும்னா முதல்ல நாமெல்லாம் செத்திருக்கணும்.” கிழவர் தன் வராந்தாத் தூணைத் தட்டிக் காட்டினார். நெஞ்சுயரத்தில் அவர் போட்ட 2011 கோடு இருந்தது. “இதே தண்ணி மறுபடி வந்தாலும் அந்த வீட்டுத் தரைக்கு அது எட்டாது. கீழ தூணுக்கு நடுவுல நிக்கற ஆளோட தொப்பி நனையும், அவ்வளவுதான்.”

ரோவீனா படத்தை இரவல் கேட்டாள். கிழவர் தாராளமாக எடுத்துக் கொடுத்தார்.

“அப்படியே திருப்பிக் கொடுத்துடு. கிளெனிஸ் மாதிரி பிரதி எடுத்துக்கிட்டுக் கொடுத்தாலும் சரி.”

ரோவீனா வாசலில் நின்றுவிட்டாள். “கிளெனிஸ் இதைப் பாத்திருக்காங்களா?”

“மூணு வருஷம் முன்னாடி, வீட்டை வாங்கறதுக்கு முந்தின வாரம் வந்தா. இந்த வீடு எப்ப வந்துச்சு, வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியான்னு துருவித் துருவிக் கேட்டா. படத்தைக் காட்டினதும் பொண்ணு முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. மறுநாளே வீட்டை வாங்கிட்டா.”

தெருவைக் கடக்கும்போது டூகல் கொஞ்ச நேரம் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. பிறகு கேட்டான்.

“எல்லாம் தெரிஞ்சவ நம்மள எதுக்கு பாஸ் கூப்பிட்டா?”

ரோவீனா இன்னும் வேகமாக நடந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. அது நல்ல சகுனம் இல்லை என்று டூகலுக்குத் தெரியும்.

புல்வெளியில் ஏலம் தொடங்கிவிட்டது. ஏலக்காரர் ட்ரெவர் கைகளை விரித்து, வராத காற்றைப் புகழ்ந்துகொண்டிருந்தார். நாற்பது பேர் இருந்தார்கள், வாங்க வந்தவர்களாக அல்ல, வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்தாராக. வேட் முன்வரிசையில் தன் எண் எழுதிய அட்டையால் விசிறிக்கொண்டு நின்றான்.

படிக்கட்டின் கீழே ஒரு மேசை மேல் விற்பனை ஒப்பந்தம் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்திருந்தது. யாரும் படிப்பதில்லை. ரோவீனா படித்தாள். மூன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. டூகல் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

‘விற்பனையில் சேராதவை: திரைச்சீலைகள். பின்கட்டுத் துணிக்கொடி. கூடத்துச் சுவர் அலமாரியின் இடதுபக்கப் பலகை ஒன்று.’

ஒப்பந்தத்தின் தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது.

“பலகையா? ஒத்தைப் பலகையை எவ பாஸ் கூட எடுத்துட்டுப் போவா?”

ரோவீனா தன் இடது உள்ளங்கையைப் பார்த்தாள். “வீடு பூரா பெயிண்ட் உரிஞ்சு கிடக்கு. நான் கையை ஊனின பலகை மட்டும் வழவழன்னு இருந்துச்சு. அப்பவே தோணியிருக்கணும். போ, செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாரு.”

டூகல் மூன்று மூன்று படியாக ஏறினான். அலமாரிக்குள் தலையை நுழைத்து, பக்கவாட்டுப் பலகையில் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தான். நல்ல கனமாகப் பூசிய வார்னிஷ், இப்போது கல்லாகக் காய்ந்திருந்தது. அதற்குள் முழுசாக ஒரு இடது கை பதிந்திருந்தது. ஐந்து விரல், உள்ளங்கை ரேகை, மோதிர விரலின் அடியில் பட்டையாக ஒரு மோதிரத் தழும்பு. குனிந்து கோடு போடுகிறவன் எங்கே கையை ஊன்றுவானோ, சரியாக அங்கே.

அவன் திரும்பி வந்தபோது வேட் விலை கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலர். வெள்ளம் பாத்த வீடு. அதுக்கே இது தானம்.”

நாலு லட்சத்துக்குக் குறையாத வீடு. வேறு யாரும் அட்டையைத் தூக்கவில்லை.

“ஒரு தரம்,” என்றார் ட்ரெவர், குரல் உடைந்து. “ரெண்டு தரம்.” பிறகு முறைப்படி நிறுத்தினார். குறைந்தபட்ச விலைக்குக் கீழே ஒருவர் கேட்டால் வீட்டுக்காரியைக் கேட்காமல் சுத்தியை அடிக்க முடியாது.

கிளெனிஸ் மேசை பக்கம் வந்தாள். “அவன் கேட்ட விலை அவன் பேருல பதிவாச்சா?”

“ஆச்சு,” என்றார் ட்ரெவர்.

“இப்ப நீங்க பேசுங்க ரோவீனா. சத்தமா.”

“எங்களை ஓட விட்டு வேடிக்கை பாத்திருக்கீங்க,” என்றாள் ரோவீனா தாழ்ந்த குரலில். “கோடு வரும்னு தெரியும். எந்த அலமாரியில வரும்னு தெரியும். எங்க கையை ஊனுவான்னுகூடத் தெரியும்.”

“இந்த அலமாரி முன்னாடி நூறு தடவை மண்டி போட்டுப் பாத்திருக்கேன். நூறு தடவையும் இடது கை அங்கதான் போச்சு. செவ்வாய்க்கிழமை பூசினேன், நாலு நாள் காயாத வார்னிஷ். புதன்கிழமை வீட்டைப் பாக்க விட்டோம். வந்தான், ‘உங்க வீட்டுல எல்லாம் பிசுபிசுன்னு இருக்கு’ன்னு என்கிட்டயே குறை சொல்லிட்டுக் கையைத் துடைச்சிட்டுப் போனான்.”

“இதை நீங்களே சொல்லியிருக்கலாமே.”

“விக்கறவ சொன்னா நீங்களே நம்ப மாட்டீங்க. விலைக்காகப் பொய் சொல்றான்னு சொல்வீங்க. நான் ஒண்ணும் சொல்லாம நீங்களாக் கண்டுபிடிச்சா, இந்த நாப்பது பேரும் நம்புவாங்க. கோடு எதுக்குன்னு அவன் கேட்ட விலையே சொல்லிடும்.”

“அப்ப இந்த உரிஞ்ச சுவரு, தொங்கற தகரம்?” என்றான் டூகல்.

“பளபளன்னு வெச்சிருந்தா அவன் வர மாட்டானே. ஒத்தைப் பொம்பள, பாழான வீடு, பழுது பாக்காம விக்கறா. இதைப் பாத்தாத்தான் அவனுக்கு எச்சில் ஊறும்.” அவள் முதல் தடவையாக வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். “மூணு வருஷம். தெனம் காலையில இந்தச் சுவரைப் பாத்துட்டு வேலைக்குப் போவேன். ஒரு பெயிண்டருக்கு அது எவ்வளவு பெரிய தண்டனைன்னு உங்களுக்குத் தெரியாது.”

ரோவீனா கோபப்பட வேண்டிய இடம் அது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். கோபத்தை எங்கே இறக்குவது என்று முடிவு செய்துவிட்டாள்.

“எல்லாரும் ஒரு நிமிஷம்,” என்றாள், தெருக்கோடி வரை கேட்கும்படி. “உள்ள இருக்கற கோட்டுல 2011னு எழுதியிருக்கு. இந்தப் படத்தைப் பாருங்க. 2014ல இந்த வீடு லாரி மேல இருக்கு. அதே அலமாரி தெரியுது பாருங்க. அந்த ஜனவரியில இங்க வீடே கிடையாது. வீடு இல்லாத இடத்துல, வீட்டுக்குள்ள வெள்ளம் வந்திருக்கு.”

“மேஞ்சிட்டிருந்தது என் குதிரை,” என்று பின்னாலிருந்து ஷுல்ட்ஸ் கத்தினார். “அதுக்கு அலமாரியெல்லாம் கிடையாது.”

கூட்டம் சிரித்தது. படம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. எறும்புகள் நக்கும் ஐஸ் காபிக் கோட்டைப் பற்றி டூகல் சொன்னபோது அத்தனை கண்ணும் வேட்டின் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தன. அவன் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“எவனோ விளையாட்டுக்குப் பண்ணியிருப்பான். எனக்கென்ன தெரியும்?” என்று வேட் தெருப்பக்கம் நடந்தான்.

ட்ரெவர் தொழில் தெரிந்தவர். “ஏலம் இன்னும் முடியல,” என்று குரலை உயர்த்தினார். இன்னும் கிளம்பாமல் காரில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண் ஜன்னல் வழியாகவே அட்டையை நீட்டினாள். பின்வரிசையிலிருந்து இன்னொருவர் அதற்கு மேல் கேட்டார். நாலு நிமிஷத்தில் நாலு லட்சத்துப் பத்தாயிரம் டாலருக்குச் சுத்தி விழுந்தது. வீடு குழந்தைக்காரர்களுக்குப் போயிற்று.

வேட் தன் வண்டியருகே நின்று திட்டிக்கொண்டிருந்தான். அதன் மூக்கை ஒட்டினாற்போல் டூகலின் வேன் நின்றது.

“வண்டியை எடு.”

“சாவியை எங்க வெச்சேன்னு தேடிட்டிருக்கேன் சார். என் வேன், இருக்கற நிலையிலதான் நிக்கும்,” என்றான் டூகல், சாவியைப் பையில் குலுக்கியபடி.

வீட்டுக்குள் ஆணி பிடுங்கும் சத்தம் நாலு தடவை கேட்டது. கிளெனிஸ் பலகையைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். அவள் பத்து மணிக்கே கூப்பிட்டிருந்த போலீஸ்காரி அவளுக்குப் பின்னால் வந்தாள். வேட் பலகையைப் பார்த்தான். வெயிலில் அந்தக் கை தெளிவாகத் தெரிந்தது, மோதிரத் தழும்போடு.

அவன் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“எவ்வளவு வேணும் கிளெனிஸ்? சொல்லு. உங்கப்பா வீட்டுக்கும் சேத்துத் தர்றேன்,” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தி.

“எங்கப்பா வீட்டைப் பத்தி நான் இன்னும் பேசவே இல்லையே. நீயா ஆரம்பிச்சிட்ட,” என்றாள் கிளெனிஸ்.

போலீஸ்காரி குறிப்பேட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டாள். “இடது கையை வெளிய எடுங்க,” என்றாள். அவன் எடுத்தான். பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் வைக்கச் சொன்னாள். கச்சிதமாகப் பொருந்தியது.

வேட்டைப் போலீஸ் காரின் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். போலீஸ்காரி கதவைச் சாத்தப் போனாள். கிளெனிஸ் கதவின் மேல் கையை வைத்துத் தடுத்தாள்.

“உன்னை இருக்கற நிலையிலயே எடுத்துட்டுப் போறாங்க வேட். ஒரு பழுதும் பாக்கச் சொல்லல. எங்கப்பாகிட்ட நீ சொன்ன மாதிரி சந்தோஷப்படு. அதுக்கு எங்கப்பா உன்கிட்ட என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?”

வேட் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இருக்கா?”

“இருக்கு.”

“அதைச் சொல்லு.”

போலீஸ்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வீட்டுக் கூரையில் முளைத்திருந்த செடியை ரொம்ப அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினாள். கிளெனிஸ் கதவை விடவில்லை.

“நன்றி,” என்றான் வேட், உதடு மட்டும் அசைய.

“சத்தமா,” என்றாள் கிளெனிஸ்.